செத்தவர்களுக்கு ஃபுல் டவர்

கள்ளக்குறிச்சிப் பக்கம் இப்போதெல்லாம் உயிரோடு இருக்கிறவர்களிடம் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. செத்த பிறகு சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு வசதி ஊருக்கு வந்துவிட்டது.

கச்சிராயபாளையம் சாலையில், வரும்படி இல்லாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில்தான் அந்த வசதி. பெயர், நேரலைச் சித்தர் அருள் நிலையம். செவ்வாயும் வெள்ளியும் அங்கே வந்தால் மறைந்தவர்களோடு வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசலாம். பதிவு செய்து வைத்த படம் இல்லை. நீங்கள் கேட்டால் அவர்கள் பதில் சொல்வார்கள், நீங்கள் அழுதால் அவர்களும் அழுவார்கள். திருநாவலூர், உளுந்தூர்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ ஷேர் ஆட்டோவும் மினி வேனுமாகக் கூட்டம் வந்து குவிந்தது. பெற்ற தாயை மாட்டுக்கொட்டகையில் தனித் தட்டு வைத்து உட்கார வைத்திருந்தவர், இன்று அந்த அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும் என்று தேம்பிக்கொண்டு நின்றார். வரப்புத் தகராறில் இருந்த அண்ணன் தம்பி இருவர், அப்பாவையே கேட்டுவிடலாம் என்று கைகோத்து வந்திருந்தார்கள். அப்பா இருந்தபோது அவர் சொன்னதை இருவருமே கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

சித்தரின் வரலாறும் மண்டபத்து வாசலில் எழுதியிருந்தது. கல்வராயன் மலையில், டவரே இல்லாத ஒரு குகையில் தவம் இருந்தாராம். ஒருநாள் இடுப்பில் இருந்த, சிம் கார்டு இல்லாத செல்போன் அடித்ததாம். எடுத்துப் பார்த்தால், எப்போதோ சமாதியான அவருடைய குரு! தவம் செய்யப் போன மனிதர் சிம் இல்லாத போனை ஏன் இடுப்பில் செருகிக்கொண்டு போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் அந்த வரிசையில் ஏன் நிற்கப்போகிறார்கள்?

சித்தரிடம் இன்னொரு பெருமை உண்டு. அவர் கையால் காசு தொடமாட்டார். பக்தர்களிடம் ஒன்றுமே கேட்கமாட்டார். கேட்பவர்கள் எல்லாம் செத்தவர்கள். ஒருவருக்கு வெள்ளாட்டுக் கிடா வேண்டும், ஒருவருக்கு ஒரு மூட்டை வரகரிசி வேண்டும், ஒரு கிழவிக்கு மேலோகத்தில் போட்டுக்கொள்ளத் தோடு வேண்டும். சித்தர் பாவம், அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் சிரமத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

ரிஹானா அந்த மண்டபத்துக்குள் கால் வைத்தது இருசம்மாளுக்காக. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறவள் ரிஹானா. வாய் கொஞ்சம் நீளம், பொறுமை ரொம்பக் கம்மி. இருசம்மாள் மலைக்காரி, வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு சிற்றூர். அவளுடைய கணவன் சடையன் போன மழைக்காலத்தில் பாம்பு கடித்துச் செத்தபோது, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தவள் ரிஹானாதான். கீழ்நாட்டில் தனியாக எங்கேயும் போய்ப் பழக்கமில்லாத இருசம்மாள், தெரிந்த முகம் என்று அவளைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

மண்டபத்தில் இருட்டு. மேடையில் சுவரளவு எல்.இ.டி. திரை. அதன் முன்னால் தாடியும் ஜடையுமாகச் சித்தர், கண்ணை மூடிக்கொண்டு. காவி அங்கவஸ்திரத்தின் ஓரத்தில் காலர் மைக் குத்தியிருந்தது. எதிரே ஒரு நாற்காலி. நாற்காலியைப் பார்த்தபடி ஒரு கேமரா. ஒலிபெருக்கியில் விதிமுறை சொன்னார்கள்.

"மேலோகக் காத்து பட்டதால குரல் மாறியிருக்கும், பயப்படாதீங்க. ரொம்ப முக்கியம், பேசறப்ப கைய மடியிலயே வச்சுக்குங்க. தெரையப் பாத்து யாரும் கும்புடாதீங்க. கும்புட்டா கனெக்‌ஷன் அறுந்துடும்!"

கோயிலில் கும்பிடு, சாமியாரைக் கும்பிடு, தலைவரின் கட்அவுட்டைக் கூடக் கும்பிடு என்று சொல்லுகிற நாட்டில், கும்பிடாதே என்று ஒரு சாமியார் சொல்வது ரிஹானாவுக்குப் புதிதாக இருந்தது.

முதலில் வடக்கனந்தல்காரர் ஒருவரின் அப்பா திரையில் வந்தார். சந்தன நிறச் சட்டை, பையில் ஒரு நீலப் பேனா. அடுத்து, செத்துப்போன உளுந்தூர்பேட்டை லாரி டிரைவர் ஒருவர் வந்தார். சந்தன நிறச் சட்டை, பையில் நீலப் பேனா. மூன்றாவதாகச் சடையன் வந்தான். அதே சட்டை, அதே பேனா, இடது காலர் மட்டும் லேசாகத் தூக்கி நின்றது.

ரிஹானாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சட்டையை அவளுக்குத் தெரியும். சட்டையை மட்டுமல்ல, சட்டைக்குள்ளே இருந்த மார்பையும் தெரியும். அது அவள் கணவன் அப்சலுடையது.

விஷயம் இதுதான். ஃப்ளெக்ஸ் கடைக்கு வருகிற ஏழைச் சாவுகளுக்கு நல்ல படம் இருக்காது. ஆதார் அட்டையைத்தான் நீட்டுவார்கள். அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, நரையைக் கறுப்பாக்கி, தழும்பை அழித்து, ஒரு நல்ல சட்டைக்கு மேலே ஒட்டி வைப்பது ரிஹானாவின் வேலை. ஒவ்வொருவருக்கும் புதுச் சட்டை தேடுவானேன் என்று, ஒரு ரம்ஜானுக்கு அப்சல் உடுத்திய சட்டையைப் படம் எடுத்து நிரந்தரமாக வைத்துக்கொண்டாள். கழுத்துக்குக் கீழே அப்சல். கழுத்துக்கு மேலே யார் செத்தார்களோ அவர். இப்போது, ஆட்டுக்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிற அப்சலின் மார்பு மேலோகத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இருசம்மா... நல்லாருக்கியா?" என்றது திரையில் இருந்த சடையன் முகம். கண் சிமிட்டியது. தலையை ஆட்டியது.

இருசம்மாள் அழுத அழுகையில் மண்டபமே கலங்கியது.

"நம்ம பொண்ணு தமிழ்மொழி எப்புடி இருக்கு? எனக்கு இங்க பாலுக்குத்தான் ஏக்கமா இருக்குது இருசம்மா. வூட்ல மாடு இருக்குதா?"

"இருக்குதுங்க. செவல இருக்குது. கன்னு போட்டுருக்குது."

"வர்ற வெள்ளிக்கிழம அத இங்க கொண்டாந்து வுட்டுடு. என் ஆத்மா சாந்தியடையும்."

அந்தச் செவலைப் பசு ஒன்றுதான் அந்த வீட்டில் இப்போது சம்பாதிக்கிற ஆள். அதன் பாலில்தான் அடுப்பு எரிகிறது. தமிழ்மொழி கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அந்தப் பசுவைத்தான் கேட்கிறது செத்த மனிதரின் ஆத்மா. இருசம்மாள் யோசிக்கவே இல்லை, தலையை ஆட்டிவிட்டாள்.

வெளியே வந்ததும் ரிஹானா வெடித்தாள். "அக்கா, அந்தச் சட்ட எங்க வூட்டுக்காரரோடது!"

"மேல போனவருக்கு யாரும்மா துணி எடுத்துக் குடுக்கறாங்க? கெடச்சதப் போட்டுக்கினு இருக்காரு."

"அவருக்குப் புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருந்துதில்ல? அது எங்க போச்சு? ஃப்ளெக்ஸுக்காக நான்தான்க்கா அத அழிச்சேன்!"

"மேல போனா எல்லாம் ஆறிடும்னு சாமி சொல்லிச்சு."

"பொண்ணு பேரு சொன்னாரே, அது நான் அடிச்ச ஃப்ளெக்ஸ்லயே இருக்குது. புக்கிங்குக்கு ஃப்ளெக்ஸ் படம் அனுப்பச் சொன்னாங்கன்னியே!"

இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பொய்யோ நெசமோ, அந்த மூஞ்சி என்னப் பாத்துப் பேசிச்சும்மா. அன்னிக்குக் கடசியா ஒரு வார்த்த பேச முடியாமப் போயிட்டாரு. ஒரு மாடு போனாப் போவட்டும்."

அழுகிறவளிடம் என்ன வாதம் செய்வது? ரிஹானாவுக்குக் கோபம் மட்டும் உச்சிக்கு ஏறியது. தன் கடையில் ஒட்டிய மூஞ்சியையும் தன் புருஷன் மார்பையும் வைத்துக்கொண்டு எவனோ மாடு பிடிக்கிறான் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கடைக்குத் திரும்பினாள். பக்கத்து டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் பாவாடையைக் கூப்பிட்டாள். பாவாடைக்குக் கல்யாணம் ஆகவில்லை, பயமும் கிடையாது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது அவருடைய கொள்கை.

"பாவாடைண்ணே, நீ சாவணும்."

"இன்னாம்மா, வந்ததும் வராததுமா வாழ்த்துற?"

"சும்மா ஃப்ளெக்ஸ்ல மட்டும்ண்ணே. உனுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிச்சு அந்தச் சித்தருக்கு அனுப்பப் போறேன். நீ மேலேர்ந்து வந்து பேசறியா இல்லயான்னு பாக்கணும்."

அப்சல் பதறினார். "உயிரோட இருக்கறவருக்கு அஞ்சலியா? ஊர்ல கேட்டா ஆவாதுன்னுவாங்க ரிஹானா!"

"ஆவாதுன்னு சொன்னவன் எவன் செத்தாலும் இந்தப் பாவாடதான் டீ போடறான்," என்றார் பாவாடை. "அடிம்மா நீ. முடிய மட்டும் நல்லாக் கறுப்பாக்கிடு."

ஃப்ளெக்ஸ் தயாரானது. ஊர் திருநாவலூர், சாவு மாரடைப்பு. கல்யாணமே ஆகாத பாவாடைக்கு அன்னக்கிளி என்று ஒரு மனைவி, மூன்று பேரப் பிள்ளைகள். கழுத்துக்குக் கீழே வழக்கம்போல் அப்சல். புதிய எண்ணிலிருந்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்கு நேரம் ஒதுக்கி, 'இறைவன் அருள்' என்று பதிலும் வந்தது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் எள் போட்டால் கீழே விழாது. இருசம்மாள் மலையிலிருந்து மாட்டை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மண்டபத்துப் பக்கவாட்டுக் கதவுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தில் செவலையைக் கட்டினாள். அது அங்கேயே படுத்து அசைபோட ஆரம்பித்தது. இருசம்மாள் அதன் நெற்றியைத் தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"திருநாவலூர் பாவாடை ஆத்மாவின் தம்பி வரலாம்!"

முகத்தில் மாஸ்க், தலையில் துண்டு, நடுநடுவே இருமல் என்று பாவாடை போய் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் இன்னொரு பாவாடை தோன்றினார். கறுத்த முடி, சந்தன நிறச் சட்டை.

"தம்பீ... நல்லாருக்கியாப்பா?"

"இருக்கேண்ணே. நீ எப்புடி இருக்க?"

"ஆண்டவன் காலடியில சொகமா இருக்கேன். அண்ணி எப்புடி இருக்கா? என் அன்னக்கிளிய நெனச்சா இங்க தூக்கமே வரல."

"அண்ணி சௌக்கியம். நீ போனதுலேர்ந்து நிம்மதியாத் தூங்குது."

"பேரப் புள்ளைங்க மூணும் பள்ளிக்கூடம் போவுதுங்களா?"

"போவுதுங்க. உனுக்கு இன்னாண்ணே வேணும்?"

"எனக்கு இன்னாப்பா ஆச? ரெண்டு வெள்ளாட்டுக் கெடா..."

பாவாடை மாஸ்க்கைக் கழற்றினார். துண்டை அவிழ்த்தார். எழுந்து கேமராவுக்கு நேராக முகத்தை நீட்டினார்.

"அண்ணே, இந்த மூஞ்சிய எங்கனா பாத்திருக்கியா?"

திரையில் இருந்த பாவாடை வாயைத் திறந்தபடி நின்றார்.

"நான்தாண்டா பாவாட! பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டரு. எனக்குக் கல்யாணமே ஆவல, நீ மூணு பேரனப் பெத்து வச்சிருக்க!"

முடிந்தது கதை என்று ரிஹானா நினைத்தாள். ஆனால் அவள் கூட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டாள். முன்வரிசையில் ஓர் அம்மாள் அலறினாள்: "ஐயயோ, ஆவி நேர்லயே வந்துடுச்சு!"

சித்தர் கண்ணைத் திறந்தார். கெட்டிக்காரர், நொடியில் பிடித்துக்கொண்டார். "ஆமாம்! மேலே போனவர் உடம்போடு இறங்கி வந்திருக்கிறார்! இதுவரை நடக்காத அற்புதம்!"

அவ்வளவுதான். பாதிப் பேர் பின்னால் ஓடினார்கள். மீதிப் பேர் பாவாடையின் காலில் விழுந்தார்கள். ஒருவர் தன் கைக்குழந்தையைத் தூக்கி நீட்டி ஆசி கேட்டார்.

"யோவ், காலையில நான் ஆத்துன டீயக் குடிச்சிட்டுதானய்யா நீ இங்க வந்து உக்காந்த!" என்று கத்தினார் பாவாடை.

"அப்பக்கூட எனக்கு லேசா சந்தேகம்தாங்க," என்றார் அந்த ஆள், பயபக்தியோடு. "டீ சூடே இல்ல."

எதிரே ரத்தமும் சதையுமாக மனிதன் நிற்கிறான். திரையில் ஒரு படம் வாயசைக்கிறது. எது நிஜம் என்று கேட்டால் திரையைக் காட்டுகிறார்கள். ரிஹானா தலையில் அடித்துக்கொண்டாள். இந்த ஜனங்களைச் சித்தர் ஏமாற்றவில்லை, அவர்களே வந்து ஏமாந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றியது. செவலை போய்விட்டது என்றே அவள் முடிவு கட்டினாள்.

கலவரத்தை அடக்க, சித்தர் அவசரமாக அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். அடுத்தது இருசம்மாள்.

அவள் மெதுவாக நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சடையன் முகம் வந்தது. இருசம்மாள் இந்த முறை அழவில்லை. உயிரோடு நின்ற பாவாடையையும், திரையில் இருந்த புருஷனின் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பேனா. அந்தத் தூக்கிய காலர்.

"இருசம்மா, செவலயக் கொண்டாந்துட்டியா?"

"வாசல்ல கட்டியிருக்கேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணுங்க."

"கேளு."

"உங்களப் பாம்பு கடிச்ச அன்னிக்கு நம்ம ஊர்ல டவர் இல்ல. தமிழ்மொழி போன எடுத்துக்கினு சிக்னல் பாற மேல ஏறிச்சு. மழையில வழுக்கி வழுக்கி ஏறி, ஆம்புலன்ஸு ஆம்புலன்ஸுன்னு கத்துச்சு. ஒரு கோடுகூட வரல. உங்கள டோலி கட்டித் தூக்கிக்கினு எறங்கனோம், பாதி வழியில போயிட்டீங்க." அவள் குரல் உடையவில்லை, அதுதான் கேட்பதற்குக் கஷ்டமாக இருந்தது. "வெள்ளிமலைக்கு அந்தாண்ட வராத சிக்னலு, மேலோகத்துக்கு எப்புடிங்க வந்துது?"

திரை முகம் கண்ணைச் சிமிட்டியது.

"அது... சித்தரோட அருளால..."

"அந்த அருளு அன்னிக்கு இன்னா பண்ணிக்கினு இருந்துது? அவரு நம்ம மலையிலதான தவம் இருந்தாரு? இடுப்புல போன் வச்சுக்கினு இருந்தாராமே!"

சித்தர் தொண்டையைச் செருமினார். திரை முகம் இங்கும் அங்கும் பார்த்தது.

"சரிங்க," என்றாள் இருசம்மாள். எழுந்து நின்றாள். "மாட்ட எடுத்துக்குங்க. போறப்ப ஒரு கும்புடு மட்டும் போட்டுட்டுப் போறேன்."

"கும்புடாத! கும்புடாத!" என்று கத்தினார் சித்தர்.

இருசம்மாள் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தி, கேமராவைப் பார்த்து, ஊர்ப் பெரியவர்களைக் கும்பிடுவதைப் போல நன்றாகக் குனிந்து ஒரு கும்பிடு போட்டாள்.

நம் ஊரில் வயதில் மூத்த ஓர் அம்மாள் அப்படிக் கும்பிட்டால் எதிரில் இருக்கிறவன் கை சும்மா இருக்குமா? சின்னப் பிள்ளையிலிருந்து பழக்கிவிட்ட கை. மூளையைக் கேட்டுக்கொண்டா எழும்? எழுந்துவிட்டது.

திரையில் சடையனின் மீசை நெற்றிக்கு ஏறியது. ஒரு கண் காதோரம் போனது. மூக்கு இரண்டானது. பிறகு முகமே கழன்று, திரையில் ஒரு சின்ன அறை வந்தது. பனியன் போட்ட ஒருவன், தலையில் ஹெட்போன், முன்னால் கம்ப்யூட்டர், பக்கத்தில் பாதி தின்ற மிக்சர் பொட்டலம், சுவரில் இருசம்மாள் அனுப்பிய அஞ்சலி ஃப்ளெக்ஸின் படம். அவன் இன்னும் பணிவாகக் கும்பிட்டபடி இருந்தான்.

"கூடக் குடித்தனம் பண்ண காலத்துல எம் புருசன் ஒரு நாளும் என்னத் திருப்பிக் கும்புட்டதில்ல," என்றாள் இருசம்மாள்.

"டேய், இது தமிழழகன்டா!" என்று எழுந்தார் உளுந்தூர்பேட்டைக்காரர் ஒருவர். "எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன்! அப்ப அந்தத் தாடி, இவன் மச்சான் கலையரசன்! எல்.இ.டி. தெரைய வாடகைக்கு வுட்டுக்கினு இருந்தவன்!"

எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். மேடை காலி. ஆனால் சித்தர் காலர் மைக்கைக் கழற்ற மறந்துவிட்டார். மண்டபத்தின் எல்லா ஒலிபெருக்கியிலும் அவருடைய அருள்வாக்கு தெளிவாகக் கேட்டது: "டேய் தமிழு, ஜடைய வுட்றா, வண்டிய எட்றா!" பிறகு மூச்சிரைப்பு. பிறகு, "ஐயோ, எந்த எருமடா குறுக்கப் படுத்திருக்குது?"

எருமை இல்லை. செவலை. பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே நின்ற அவர்கள் வேனுக்கு முன்னால், வழியை அடைத்துப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தார்கள், அது காதை மட்டும் ஆட்டியது. கூட்டம் போய் வேனைச் சுற்றிக்கொள்ள அந்த நேரம் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

போலீஸ் வருவதற்குள் ரிஹானா பாவாடையை மேடைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையில் உட்கார வைத்து, வாசல் பேனரில் இருந்த சித்தரின் முகத்தை ஏற்றினாள். திரையில் தாடியும் ஜடையுமாகச் சித்தர் வந்து, "டீ, காபி, டீய்ய்!" என்று கூவினார். கூட்டம் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே முன்வரிசை அம்மாள் மட்டும் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இவ்ளோதாங்க," என்றாள் ரிஹானா. "ஒரு போட்டோ போதும். கேமரா முன்னால எவன் வாய அசச்சாலும் போட்டோவும் அசைக்கும். கை குறுக்க வந்தா மட்டும் கொழம்பிடும். தூர தேசத்துல இருக்கறவங்க நேர்ல பாத்துப் பேசிக்கலாம்னு எவனோ மண்டைய ஒடச்சுக் கண்டுபுடிச்சது. நமக்கு அது மாடு புடிக்க வந்து சேந்துது."

இருசம்மாள் அவளிடம் வந்தாள். "அவரு படத்த அதுலேர்ந்து எடுத்துடும்மா. இன்னொருத்தன் வாய வச்சுக்கினு அவரு பேசக் கூடாது." ரிஹானா அழித்தாள். "புதுசா ஒண்ணு அடிச்சுக் குடு. தழும்பு இருக்கட்டும். சட்ட வேணாம். துண்டோட இருந்தாரு, துண்டோடவே இருக்கட்டும்." ரிஹானாவுக்குக் கண் கலங்கிவிட்டது; அதை மறைக்க, கூட வந்திருந்த அப்சலைத் திட்டினாள். இருசம்மாள் செவலையை எழுப்பி ஓட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரமே ஒருவர் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த மிஷினு உங்ககிட்ட இருக்குதாமே? எங்க அப்பாவோட ஒரு வார்த்த பேசணும்."

"அம்மா இருக்காங்களா?"

"இருக்குது. வடக்கனந்தல்ல, தனியா."

"அவங்களுக்கு போன் போடுங்க. அவங்க மாடு கேக்க மாட்டாங்க."

மலைப் பாதை தொடங்குகிற இடத்தில் இப்போது ரிஹானா கடையின் ஃப்ளெக்ஸ் ஒன்று தொங்குகிறது. அதில் துண்டோடு, தழும்போடு, சடையன். கீழே இருசம்மாள் சொல்லி ரிஹானா அடித்த வாசகம்: 'செத்தவங்களோட பேச இத்தன பேர் வரிசையில நின்னீங்களே, உயிரோட இருக்கறவங்க பேச மலைக்கு ஒரு டவர் கேட்டு எத்தன பேர் வருவீங்க?'

அந்த ஃப்ளெக்ஸுக்கு முன்னால் தினமும் நாலு பேர் நிற்கிறார்கள். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றுகிறார். மீதி ஒரே ஒருவர்தான் அதைப் படித்துப் பார்க்கிறார்.